உறக்கமல்ல, மயக்கம்

சென்ற ஆண்டு தீபாவளி மலர் ஒன்றில் என் சிறுகதை ஒன்று வெளியாயிற்று. கணவனை இழந்த ஒரு தாய். இரவெல்லாம் கண் மூடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மகன் அதைப் பார்க்கச் சகிக்காமல், தன் முதுகு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றை எடுத்துத் தருகிறான். "வலி மாத்திரைதாம்மா. பயப்படாதே, நல்லாத் தூக்கம் வரும்" என்கிறான். அவள் தூங்கிப் போகிறாள். அந்த முகத்தில் படிந்த அமைதியைப் பார்த்தபடி மகன் நிற்பதோடு கதை முடிகிறது.

கதையைப் பற்றிப் பதினொரு கடிதங்கள் வந்தன. இந்தக் காலத்தில் ஓர் எழுத்தாளனுக்குப் பதினொரு கடிதம் என்பது பெரிய சொத்து. ஆனால் அவற்றில் நான்கு கடிதங்கள் கதையின் நடையைப் பற்றியோ, தாயின் குணச்சித்திரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. நால்வரும் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த மாத்திரையின் பெயர் என்ன?

அவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அழகான கையெழுத்து. "எனக்கு வயது அறுபத்தெட்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இரவு மிகவும் நீளமாக இருக்கிறது. தூக்க மாத்திரை போடப் பயம், பழக்கமாகிவிடும் என்கிறார்கள். தாங்கள் எழுதியது வலி மாத்திரைதானே? பெயரை மட்டும் எழுதினால் போதும்" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் அந்த மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். அந்தக் கதையை எழுதிய நாட்களில் என் தலையணைக்கு அடியிலேயே அது இருந்தது.

நான் வைத்தியம் படித்தவன் அல்லன். கல்லூரி வாசலை மிதித்து இரண்டு ஆண்டோடு திரும்பிவிட்டவன். ஆகையால் இங்கே ஒரு டாக்டரின் அதிகாரத்தோடு பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏமாந்தவன் என்ற யோக்கியதை ஒன்றுதான் உண்டு. அதோடு, ஏமாந்த பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைச் சண்டை போட்டாவது நிலைநாட்ட விரும்புகிறேன். அபின் வகை வலி மாத்திரை தருவது உறக்கமல்ல; மயக்கம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் அதன் அபாயம்.

முதலில் என் கதை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். காறை எலும்பில் விரிசல். கையைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். இரவில் புரண்டு படுத்தால் உயிர் போய் உயிர் வரும். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். டிரமடால் என்று பெயர். அதை ஏன் ஐந்து நாளைக்கு மட்டும் எழுதினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் இரவே வலி விலகியது. வலி விலகியதோடு நிற்கவில்லை. இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்யும் தூக்கமின்மையும் விலகிற்று. எழுத்துக்காரனின் இரவு எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. உடம்பு படுத்துவிடும், மூளை மட்டும் எழுந்து உட்கார்ந்து, பகலில் எழுதிய வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். நாளைக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கூட்டிப் பார்க்கும். பத்து வருஷத்துக்கு முந்திய அவமானத்தை எடுத்துத் தூசி தட்டும். அந்த இரவில் அவ்வளவும் ஓய்ந்தது. இளஞ்சூட்டு வெந்நீரில் மெதுவாக இறங்குவதுபோல் இருந்தது. இதற்குப் பெயர்தான் தூக்கம் என்று எண்ணினேன்.

ஐந்து நாள் முடிந்தது. எலும்பு கூடிக்கொண்டு வந்தது. வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் மாத்திரையை விட மனம் வரவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி என் வாசகர். "சார், இதுக்குப் புதுச் சீட்டு வேணும்" என்று சொன்னார். நான் கட்டுப் போட்ட கையைக் காட்டினேன். "உங்களுக்குத்தானே சார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். மரியாதை இப்படியும் மனிதனைக் கெடுக்கும்.

ஆடி போய் ஆவணி வந்தது. தோளில் வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரைக்கு வராத தூக்கம் இரண்டுக்கு வந்தது. பிறகு இரண்டும் போதவில்லை. வாய் உலர்ந்தது. மலச்சிக்கல் வாட்டியது. உடம்பில் காரணமில்லாத அரிப்பு. என் நாவலில் வரும் பாத்திரத்தின் பெயரை நானே மறந்து, முந்திய அத்தியாயத்தைப் புரட்டித் தேடினேன். காலையில் ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தும் இரவு முழுக்கக் கண் விழித்தவன்போல் தலை கனத்தது. இன்னொன்றையும் கவனித்தேன்: கனவுகள் நின்றுவிட்டன. கனவில் வந்த முகங்களை வைத்துப் பாதிக் கதை எழுதினவன் நான். அந்தக் கிணறு வற்றியதற்குக்கூட நான் கவலைப்படவில்லை. அப்போதுதான் அந்தத் தீபாவளிக் கதையை எழுதினேன். கதையில் வந்த மகன் தாய்க்குக் கொடுத்தது, உண்மையில் நான் எனக்கு வழங்கிக்கொண்ட நற்சாட்சிப் பத்திரம்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, காப்பியை வைத்துவிட்டு என் மனைவி நகராமல் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி நீங்க தூங்கினீங்க. நான் எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

"என்னத்தை எண்ணினே?"

"மூச்சை. குறட்டை திடீர்னு நின்னுது. எழுப்பினேன், எழுந்திருக்கலே. எண்ண ஆரம்பிச்சேன். இருபத்திமூணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம்தான் நெஞ்சு ஏறிச்சு. அதுக்கப்புறம் மறுபடியும் நின்னுது. விடியற வரைக்கும் கையை உங்க நெஞ்சு மேலேயே வெச்சிருந்தேன்."

இருபத்துமூன்று எண்ணும் நேரம் ஒரு மனிதன் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். அவன்தான், "ஆனந்தமாகத் தூங்கினேன்" என்று காலையில் சொல்லிக்கொண்டு எழுந்தவன்!

இனி, நான் பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாம் நினைத்து நினைத்து மூச்சு விடுவதில்லை. மூளையின் அடித்தண்டில் அதற்கென்று ஒரு காவல் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால், 'இழு மூச்சை' என்று அது கட்டளையிடுகிறது. இயற்கையான உறக்கத்தில் அந்தக் காவல் சற்றுத் தளரும், ஆனால் தூங்காது. அபின் வகை மருந்து வலியை அடக்கும் அதே கையால் இந்தக் காவற்காரனையும் தட்டித் தூங்கவைக்கிறது. கரியமில வாயு கூடினாலும் அவனுக்கு உறைப்பதில்லை. மூச்சு மெதுவாகிறது; ஆழம் குறைகிறது; சிலருக்கு இடையிடையே நின்றும் போகிறது. குறட்டை விடுகிறவர்கள், உடல் பருத்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரவில் படுக்கும்போது இதைப் போட்டுக்கொள்வது, ஊரடங்கிய நேரம் பார்த்துக் காவற்காரனுக்கும் விடுமுறை கொடுப்பது போன்றது.

'போகட்டும், தூக்கமாவது வருகிறதே' என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் வருவதில்லை என்பதுதான் என் வழக்கு. நம் உறக்கம் ஒரே மட்டமான நிலை அல்ல. லேசான உறக்கம் உண்டு. உடம்பைப் பழுது பார்க்கும் ஆழ்ந்த உறக்கம் உண்டு. கண்மணிகள் மூடிய இமைக்குள் ஓடும் கனவு உறக்கம் உண்டு. அபின் வகை மருந்துகள் ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் குறைத்து, லேசான உறக்கத்தை நீட்டிவிடுகின்றன என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். வலியே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தபோதும் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருக்கிறது. ஒன்பது மணி நேரம் படுத்தும் நான் களைத்து எழுந்ததன் ரகசியம் இதுதான். பெட்டி கனமாக இருந்தது; உள்ளே இருந்ததெல்லாம் செங்கல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற இளைஞர், ஒரு மருந்துக் கடை உதவியாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுதான் மார்பீன். கனவுத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய மருந்து கனவு காணும் நேரத்தையே களவாடுகிறது! பெயரை வைத்து மருந்தை நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நம் புராணத்திலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கும்பகர்ணன் நித்தியத்துவம் கேட்கப் போய், நாக்குப் புரண்டு நித்திரத்துவம் கேட்டுவிட்டான் என்று கதை சொல்வார்கள். அவன் தூங்கினான், ஆனால் அதை யாரும் வரம் என்று சொல்லவில்லை. சாபம் என்றே சொன்னார்கள்.

இந்த இடத்தில் என் சிநேகிதர் ஒருவரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். எதையும் கணக்குப் போட்டுப் பேசுகிறவர். "தூக்க மாத்திரைதான் பழக்கமாகும். இது வலி மாத்திரை. நோய்க்குச் சாப்பிடுகிற மருந்து எப்படிக் கெட்ட பழக்கமாகும்?" என்றார். அந்த ஆசிரியை அம்மாளின் கேள்வியும் இதுவேதான். படித்த நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இந்த எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சாராயம் கெட்டவர்கள் குடிப்பது. அபின் தெருவில் கிடக்கிறவர்கள் தின்பது. அட்டையில் அச்சடித்து, ரசீது போட்டுக் கொடுக்கும் மாத்திரை நம்மைப் போன்ற கௌரவமானவர்கள் சாப்பிடுவது!

ஐயா, உங்கள் வீட்டுக் குருமாவில் அரைத்து விடும் கசகசா விதையைப் பற்றி நான் பேசவில்லை. அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்பீனும் கோடீனும் அதிலிருந்து வருகின்றன. டிரமடால், டாபெண்டடால், ஃபெண்டனில் ஆகியவை ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. பிறந்த இடம் வேறு. மூளையில் அவை தட்டுகிற கதவு ஒன்றே. அட்டையும் ரசீதும் அந்தக் கதவுக்குத் தெரியாது.

'இது அப்படிப்பட்டதல்ல' என்ற வாக்கியத்துக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமலுக்கு ஒரு புது மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பீனைப்போல் இது மனிதனை அடிமைப்படுத்தாது என்று நம்பினார்கள். அதன் பெயர் ஹெராயின். நூறு வருஷம் கழித்து, 1996-ல், அமெரிக்காவில் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகாண்டின் என்ற மாத்திரையை வெளியிட்டது. மெதுவாகக் கரைவதால் பழக்கமாகும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. மக்களைத் தவறாக நம்பவைத்த குற்றத்தை 2007-ல் அந்தக் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2020-ல் பர்டியூவே மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டில் அபின் வகைப் பொருள்களின் மிகைஅளவால் 80,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பெரும்பகுதி கள்ளத்தனமாகச் செய்த ஃபெண்டனிலால் நேர்ந்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதைக்கு முதற்கல் போட்டவை டாக்டர் சீட்டில் வந்த மாத்திரைகள். அன்றும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், 'வலி மாத்திரைதானே' என்று.

நான் சொல்வது ஏதோ போதைக்காரர்களின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். தூக்கம் வராத ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். ஹீத் லெட்ஜர் என்ற நடிகரைப் பலர் திரையில் பார்த்திருப்பீர்கள். இரவில் சராசரி இரண்டு மணி நேரம்தான் தூங்குவதாக 2007 நவம்பரில் வெளிவந்த ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருந்தார். 2008 ஜனவரி 22-ஆம் தேதி நியூயார்க் நகரில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது இருபத்தெட்டு. அவர் உடம்பில் ஆறு மருந்துகள் இருந்தன: இரண்டு அபின் வகை வலி மருந்துகள், மூன்று மனத்தை அமைதிப்படுத்துகிற, தூக்கம் வரவழைக்கிற மருந்துகள், தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்து ஒன்று. தற்செயலாக நேர்ந்த மரணம் என்று முடிவு சொன்னார்கள். ஆறும் மருந்துக் கடைச் சரக்கு. அவை ஒன்றோடொன்று கைகோத்ததுதான் வினை.

இந்தக் கைகோப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் அல்பிரசோலம் போன்ற மாத்திரை இருப்பது அபூர்வமல்ல. மனத்தை அமைதிப்படுத்தும் அதையும், அபின் வகை வலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கி மரணம் நேரலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2016-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை இரண்டு அட்டைகளிலும் அச்சிட உத்தரவிட்டது. மதுவும் அப்படித்தான். மேலும், ஒருவருக்கு அடங்கும் அளவு இன்னொருவருக்கு அடங்காது. டிரமடாலைச் சிலருடைய ஈரல் மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிரமடாலும் கோடீனும் கூடாது என்று அதே துறை 2017-ல் சொன்னதற்கு இது ஒரு காரணம். ஆகவே, 'எதிர் வீட்டு மாமா போட்டுக்கொண்டார், ஒன்றும் ஆகவில்லை' என்ற சாட்சி எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2014 மார்ச் முதல் டிரமடால் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு, கடைக்காரர் தனிப் புத்தகம் வைத்து, டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைப் பதிந்து, மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்தார்கள். ஆனால் சட்டம் கடை வாசல் வரைக்கும்தான் வரும். தலையணைக்கு அடியில் வராது. மாமியாருக்கு மூட்டு வலிக்கு வாங்கிய மாத்திரையை மருமகள் தூக்கத்துக்கு எடுத்துக்கொள்வதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து தடுப்பார்? நாம் சர்க்கரை கடன் கொடுப்பதுபோல் மாத்திரை கடன் கொடுக்கிற ஜாதி. 'எனக்கு நன்றாகக் கேட்டது, ஒன்று போட்டுப் பாருங்கள்' என்று நீட்டுகிற கையில் கள்ளம் கிடையாது. என் கதையில் வந்த மகனின் கையிலும் கள்ளம் இல்லை. அன்பினால் செய்கிற காரியம் என்பதாலேயே அதைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'இது அபின் வகை; இத்தனை நாளுக்கு மேல் கூடாது; மீதியை வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று மூன்று வாக்கியம் சொல்ல அரை நிமிஷம் போதும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷம் கிடைக்காததால் நான் நாற்பத்தோராவது ஆளாகத் திரும்பி வர நேர்ந்ததே!

மனைவி சொன்ன அன்றே மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வைராக்கியம் என்று நினைத்தேன். அது இன்னொரு மூடத்தனம். அன்று மாலையே ஓயாத கொட்டாவி. மூக்கில் நீர். வெயில் காயும்போதே உடம்பு சிலிர்த்தது. வயிறு புரண்டது. இரவில் கால்களுக்குள் எறும்புப் புற்று. ஒரு நிமிஷம் நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எந்தத் தூக்கத்துக்காக இந்த மாத்திரையைக் கட்டிக்கொண்டேனோ, அந்தத் தூக்கம் மூன்று இரவும் என் வாசற்படியை மிதிக்கவில்லை. வட்டிக்குக் கொடுத்தவன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த கதைதான். மாத்திரை எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை, கடன் கொடுத்திருக்கிறது.

நான்காம் நாள் வேறொரு டாக்டரிடம் போனேன். வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்கள் வைராக்கியசாலி என்று நிரூபிக்க வேண்டாம். இந்தப் படிகளில் ஏறியதுபோலவே இறங்க வேண்டும். குதித்தால் மறுபடியும் கால் உடையும்" என்றார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆறு வாரத்தில் இறக்கிவிட்டார். நான் அவரிடம் போய்வந்த அந்த நாட்களில்தான் தீபாவளி மலர் வந்தது. அந்த நான்கு கடிதங்களும் வந்தன. இத்தகைய சிக்கலில் இருப்பவர்கள் யாராயினும் மாத்திரையைத் தாமாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்; டாக்டரிடம் போங்கள். வெட்கம் வேண்டாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-லேயே இதற்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார் என்றால், இந்தத் துன்பம் உங்களோடு பிறந்ததல்ல என்று பொருள். வீட்டில் யாராவது இம்மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், 'அசந்து தூங்குகிறார்' என்று கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள். அந்த நிமிஷமே 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, இம்மருந்துகளையே ஒழித்துவிட வேண்டும் என்று யாராவது கிளம்பினால், அவர்களோடும் நான் சண்டை போடுவேன். புற்றுநோயில் துடிக்கிறவனுக்கு மார்பீன் கருணை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால், அந்தக் கருணை கிடைக்காமல் எத்தனையோ பேர் அலறிக்கொண்டே கண்ணை மூடினார்கள். கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் முதலானவர்கள் வலியாற்றும் சிகிச்சைக்காக வருஷக்கணக்கில் போராடிய பிறகே, 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழி விட்டார்கள். நெருப்பு அடுப்பில் இருக்கலாம், படுக்கையில் இருக்கலாகாது. வலிக்கு, டாக்டரின் கண் பார்வையில், குறித்த நாள் வரைக்கும் இம்மருந்து உத்தமமானது. தூக்கத்துக்கு அன்று.

அப்படியானால் தூக்கம் வராதவன் என்ன செய்வது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்தால் நான் யோக்கியன் ஆகமாட்டேன். தூக்கமின்மை ஒரு நோயின் பெயர் என்பதைவிட, உள்ளே ஏதோ கதவைத் தட்டுகிற சத்தம் என்று சொல்லலாம். மூச்சு அடைப்பதால் இருக்கலாம்; மூட்டு வலியால் இருக்கலாம்; துக்கத்தால் இருக்கலாம்; பகலில் இரண்டு மணி நேரம் தூங்குவதாலும் இருக்கலாம். முதலில் அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையையே செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் வழிகாட்டியிருக்கிறது. அதில் மந்திரம் எதுவும் இல்லை. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினம் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து போய்விட வேண்டும். வந்தால்தான் திரும்ப வேண்டும். படுக்கையைக் கணக்குப் பார்க்கிற, கவலைப்படுகிற இடமாக ஆக்கக் கூடாது. சில வாரங்கள் சிரமம்தான். நான் செய்தேன். இன்றும் ஒன்பது மணி நேரம் தூங்குவதில்லை. ஆறு மணி நேரம் தூங்குகிறேன். ஆனால் அது என் சொந்தத் தூக்கம். கனவும் திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது மாத்திரை அல்ல. நடு இரவில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லும்மா" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வாக்கியம் ஆவணி மாதத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஆசிரியை அம்மாளுக்குப் பதில் எழுதினேன். மாத்திரையின் பெயரை எழுதவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், குறட்டை உண்டா, பகலில் படுப்பீர்களா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், பிள்ளைகள் எப்போது பேசுவார்கள், டாக்டரிடம் சொன்னீர்களா என்று வரிசையாகக் கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "ஒரு பெயரைக் கேட்டதற்கு இத்தனை கேள்விகளா?" என்று கோபமாகவே தொடங்கியிருந்தார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார். கடைசியில், அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போவதாகவும் ஒரு வரி இருந்தது.

மற்ற மூவருக்கும் எழுதினேன். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. நான் சொல்ல மறுத்த பெயர் அவர்களுக்கு வேறு எங்காவது கிடைத்திருக்கக்கூடும். அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதியது அவர்களுக்காகத்தான். வீட்டில் இருக்கும் அட்டையை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.